ஒன்று வர வேண்டிய இடத்தில் வந்த எண்

ஆறாம் வகுப்புக் கணக்கு ஒன்றை நாற்பத்தைந்து வயதில் நம்ப மறுத்தவன் நான். இரண்டு எண்களையும் மிச்சமில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண் எது என்று கண்டுபிடிக்கும் கணக்கு. எச்.சி.எஃப். என்றால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியும். மீ.பொ.வ. என்றால் என் வயசுக்காரர்களுக்குப் புரியும். பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும், வந்த மீதியால் சிறியதை வகுக்க வேண்டும், மீதியே இல்லாமல் போகும் வரை இப்படியே போக வேண்டும். உலகம் பூராவும் காலம் காலமாகப் போட்டு வருகிற கணக்கு. இதுவரை யாருக்கும் தப்பான விடை சொன்னதில்லை.

எனக்குத் தப்பாகச் சொல்கிறது என்று ஒரு வாரம் அதோடு சண்டை போட்டேன். புரோகிராமை அழித்து அழித்து எழுதினேன். வேறு கம்ப்யூட்டரில் ஓட்டினேன். கரண்ட் ஏறி இறங்குவதால் கணக்கு பிசகுகிறதோ என்று ஆபீஸில் சொல்லி ஒரு ஸ்டெபிலைசர்கூட வாங்க வைத்தேன். அந்த ஸ்டெபிலைசர் அதற்கப்புறம் ரொம்ப நாள் ஃபில்டர் காபி மிஷினுக்கு உபயோகமாக இருந்தது. விடை மட்டும் மாறவே இல்லை.

இவ்வளவு கூத்துக்கும் காரணம் ஒன்றுதான். அந்தக் கணக்கு சரி என்றால் வசுந்தரா மேடம் தப்பு செய்திருக்க வேண்டும். மேடத்தைச் சந்தேகப்படுவதைவிட வகுத்தலைச் சந்தேகப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

போன வருஷம் எங்கள் கம்பெனியைப் பெங்களூர்க்காரர்கள் வாங்கினார்கள். ஐம்பது தாண்டியவர்களுக்கெல்லாம் பொன்னாடை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் இருந்து மட்டும் என்னை நீக்க மறந்துவிட்டார்கள். அதில் புதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: “சார், நீங்கல்லாம் தாயம் உருட்டித்தான் சாவி போடுவீங்களாமே, நிஜமா?” நிஜம்தான். இப்போது நகம் அளவு சிப் ஒன்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் பழைய முறையைச் சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஒரு மாடிக் கட்டடம். கீழே டயர் கடை, மேலே நாங்கள். தொழிற்சாலை கேட், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, இப்படிப் பல இடங்களுக்கு ஆள் அடையாள அட்டை செய்து கொடுத்தோம். மிஷினில் வைத்தால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும் அட்டை. போலி அட்டைக்குக் கதவு திறக்கக் கூடாது. அதுதான் எங்கள் தொழிலே.

அதற்கு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பெரிய எண் உண்டு. பெரிய எண் என்றால் லட்சம் கோடி இல்லை. முந்நூறு இலக்கம். எழுதினால் ஒரு பக்கத்தில் கால்வாசி அடைத்துக்கொள்ளும். அந்த எண் ரகசியம் இல்லை, கேட் மிஷின் ஒவ்வொன்றிலும் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரகசியம் வேறு. அது இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்தது. எந்த இரண்டு என்று தெரிந்தவன்தான் அட்டை செய்ய முடியும். பெருக்க ஒரு நொடி கூட ஆகாது. பெருக்கினதைத் திரும்பப் பிரிக்க ஆயுசு போதாது. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம்.

நான் சேலத்துக்காரன். கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து, எதற்கோ வந்து, எப்படியோ இங்கேயே தங்கிவிட்டவன். இன்டர்வியூவில் மேடம் கேட்ட முதல் கேள்வி: “ரெண்டு இலக்கத்துல பெரிசா ஒரு பகா எண் சொல்லு.”

“தொண்ணூத்தொண்ணு” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“ஏழால வகுத்துப் பாத்தியா?”

பார்க்கவில்லை. ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு. “எங்க ஊர்ல ஏழாம் வாய்ப்பாடு பத்தோட முடிஞ்சிரும் மேடம். மிச்சம் ஹைதராபாத்ல கத்துக்கலாம்னு வந்தேன்.”

உதட்டை இறுக்கிக்கொண்டார். அதுதான் அவர் சிரிப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. “ஹவ், சரி. திங்கட்கிழமை ஜாயின் பண்ணு.”

மேடத்தின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்தில் இருந்து செகந்திராபாத் கன்டோன்மென்டுக்கு வந்தது. வீட்டில் வேலூர்த் தமிழ், தெருவில் தக்கனி, பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இங்கிலீஷும். எல்லாம் சேர்ந்து அவர் வாயில் ஒரு தனி பாஷையாகிவிட்டது. தடித்த காட்டன் புடவை, கையில் ஆண்கள் கட்டும் கடிகாரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், “பகா எண்ணுக்கு ஒண்ணும் தானும்தான் பா வகுத்தி. மூணாவது ஆளு நக்கோ, வேணாம்” என்று பேச்சை முடித்துவிடுவார். எங்கள் கம்பெனியின் எல்லா விதிமுறைகளும் அவர் எழுதியவை. முதலாளி ரெட்டி காரு கையெழுத்து மட்டும் போட்டார்.

அந்த விதிகளில் முக்கியமானது சாவி போடும் முறை. சாவி என்று நாங்கள் சொன்னது அந்த இரண்டு பகா எண்களைத்தான். ஒரே ஆளுக்கு இரண்டும் தெரியக் கூடாது என்பது மேடத்தின் கட்டளை. அதனால் ஒன்று அவர் போடுவார், ஒன்று நான். இரண்டையும் மிஷினே உள்ளுக்குள் பெருக்கிக்கொள்ளும். அவருடையது எனக்குத் தெரியாது, என்னுடையது அவருக்குத் தெரியாது.

ஜன்னல் இல்லாத ஓர் அறை. பழைய ஸ்டோர் ரூம். போனை வெளியே வைத்துவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டுப் போக வேண்டும். செருப்பு விதி கிடையாது, முதல் நாள் ரெட்டி காரு தேங்காய் உடைத்ததில் இருந்து யாருக்கும் செருப்போடு நுழைய மனசு வரவில்லை. அதனால் அதற்குப் பேரே பூஜை ரூம். உள்ளே எந்த லைனோடும் சேராத ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை விளக்கு, ஓர் எவர்சில்வர் டம்ளர், டம்ளருக்குள் பத்து முகம் உள்ள தாயக்கட்டைகள். பூஜ்யத்தில் இருந்து ஒன்பது வரை முகத்துக்கு ஓர் எண். சுண்டைக்காய் அளவுதான் இருக்கும்.

டம்ளரைக் குலுக்கி உருட்டணும். விழுந்ததைப் படித்து நம்பர்ப் பலகையில் தட்டணும். மறுபடி குலுக்கணும். இப்படி நூற்றைம்பது இலக்கம் சேர்ந்ததும் மிஷின் அந்த எண்ணில் இருந்து மேலே நடக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி விசாரிக்கும், நீ பகா எண்ணா, இல்லையா என்று. அந்த உயரத்தில் சராசரியாக முந்நூறு, நானூறு எண் நடந்தால் ஒரு பகா எண் அகப்படும். அதனால் நாம் தட்டினதில் கடைசி மூன்று இலக்கம் மாதிரி மாறும், முன்னால் இருக்கிறது அப்படியே நிற்கும். கிடைத்ததும் ஒரு பீப். அவ்வளவுதான். எதையும் எழுதக் கூடாது, ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது.

“வெளிய வர்றச்ச மண்டைய அலம்பிட்டு வா” என்பார் மேடம்.

“நான் உள்ள போறப்பவே காலியாத்தான் போறேன் மேடம்.”

“அது தெரியும் பா. அதான் உன்ன வெச்சிருக்கேன்.”

தாயம் எதற்கு, மனசில் தோன்றின எண்ணைத் தட்டினால் என்ன என்று ஆரம்பத்தில் நானும் கேட்டிருக்கிறேன். பதில் சொல்லாமல் என்னை ஐம்பது இலக்கம் தோன்றியபடி சொல்லச் சொன்னார், சாக்பீஸால் போர்டில் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு வட்டம் போட்டுக் காட்டினார். ஏழு எங்கே பார்த்தாலும் இருந்தது. பூஜ்யம் ஏறக்குறைய இல்லை. ஒரே எண் பக்கத்தில் பக்கத்தில் வரவே இல்லை. “மனுஷன் மூளை சும்மா இருக்காது பா. வந்த வழியிலயே திரும்பத் திரும்பப் போகும். தாயத்துக்கு மூளை இல்ல. அதான் அதை நம்பறோம்.”

பல வருஷம் இப்படியே போனது. அவர் உள்ளே போய் வருவார், நான் உள்ளே போய் வருவேன், புதுசாக ஒரு முந்நூறு இலக்க எண் பிறக்கும். பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி நான் சாக்லேட் கொடுப்பேன். “என்ன குழந்தை?” என்று டைப்பிஸ்ட் கேட்டால், “ஒற்றைப்படைதான், வேற என்ன பொறக்கும்?” என்பேன். மேடம் உதட்டை இறுக்குவார்.

பிறகு ஒரு காலத்தில் மேடம் எதையும் தானே படிப்பதை விட்டார். மெயில் வந்தால், “நீ படி, உன் இங்கிலீஷ் எந்த லட்சணத்துல இருக்குன்னு கேப்போம்.” கான்ட்ராக்ட் வந்தால், “உரக்கப் படி, கிளைன்ட்டு பொய் சொல்றானான்னு காதுலதான் தெரியும்.” கண்ணாடியை அடிக்கடி மறந்து வந்தார். நான் அதையும் தமாஷாக்கினேன். மேடம் ரிட்டயர் ஆவதற்குள் என்னை நியூஸ் வாசிக்க அனுப்பப் போகிறார் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாடிப்படி தடுமாறாமல் ஏறினார், ரோடு தாண்டினார், எதிரே வருகிறவர்களுக்கு வழி விட்டார். யாருக்கு என்ன தோன்றும்?

அப்போதுதான் ஒரு வாடிக்கையாளர் புதிதாக ஒரு சோதனை கேட்டார். நாங்கள் போட்ட எல்லாப் பெரிய எண்களையும் இரண்டிரண்டாக எடுத்து எச்.சி.எஃப். போட்டுக் காட்ட வேண்டும். தாயம் ஒழுங்காக உருண்டிருந்தால் எந்த இரண்டுக்கும் விடை ஒன்றுதான் வரவேண்டும். பொதுவாக ஒரு பகா எண் இருந்துவிட்டால் தீர்ந்தது கதை. தனித்தனியாக உடைக்க முடியாத இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடனே உடைந்துவிடும். பொதுவாக இருப்பது தானே வெளியே வந்து விழும். அதை வைத்து இரண்டு இடத்துக்கும் போலி அட்டை செய்துவிடலாம்.

வேலையை என்னிடம் கொடுத்தார் மேடம். ஓட்டினேன். ஒன்று, ஒன்று, ஒன்று என்று திரை ரொம்பிக்கொண்டே போனது. நடுவில் ஒரே ஒரு ஜோடிக்கு மட்டும் நூற்றைம்பது இலக்கத்தில் ஒரு விடை. பட்டான்செரு மருந்துத் தொழிற்சாலையின் எண்ணும், தார்நாகாவில் ஒரு ஹாஸ்டலின் எண்ணும்.

அதற்கப்புறம்தான் மேலே சொன்ன ஒரு வாரச் சண்டை. அந்தப் பொது எண் என்னுடையதா, மேடத்துடையதா என்று முதலில் தெரியவில்லை. என்னுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தேன். ஆனால் அதை நிதானமாகப் பார்த்தால், அதில் பூஜ்யமே இல்லை. எட்டு இல்லை. ஒன்பது இல்லை. கடைசி மூன்று இலக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றில் இருந்து ஏழுக்குள். பத்து முகத் தாயத்தை நூற்றைம்பது தடவை உருட்டி, மூன்று முகம் ஒரு தடவைகூட விழவில்லை என்றால் அந்தத் தாயத்தைக் கோவிலில் வைத்துக் கும்பிட வேண்டும். நான் எப்போதும் உருட்டித்தான் தட்டினேன், அதனால் அது என் எண் இல்லை.

சாயந்திரம் மேடத்தின் அறைக்குப் போனேன். பேப்பரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“என்ன அது?”

“எச்.சி.எஃப். மேடம். ஒரு ஜோடிக்கு ஒண்ணு வரல.”

“கண்ணாடி வீட்ல. நீ படி. நாலு நாலாப் படி.”

பெரிய எண்ணை நாலு நாலாகப் பிரித்து உரக்கப் படிப்பதும் அவர் போட்ட விதிதான். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று. ஐந்து, ஐந்து, ஆறு, ஐந்து. நாலாவது வரியோ ஐந்தாவது வரியோ போகும்போது, மேஜை மேல் இருந்த அவர் வலது கையைப் பார்த்தேன். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். மறுபடி ஒரு தட்டு, ஒரு திருப்பு. என் மகள் மூன்று வருஷம் பாட்டு கிளாஸ் போனாள். நான் வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து காத்திருப்பேன். அவளுக்குப் பாட்டு வரவில்லை, எனக்குத் தாளம் வந்துவிட்டது. மேடம் போட்டது ஆதி தாளம்.

படிப்பது என்னையறியாமல் நின்றுபோனது.

அவர் கை நிற்கவில்லை. “நிறுத்திட்டியே. அடுத்தது ஆறு, அஞ்சு, நாலு, மூணு. அப்புறம் ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.” பேப்பரைப் பார்த்தேன். அப்படியே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். ச ஒன்று, ரி இரண்டு, ப ஐந்து, நி ஏழு. நான் விரலால் இலக்கங்களைத் தொட்டுத் தொட்டுத் தொடர்ந்தேன். ஓர் இலக்கம் தப்பவில்லை. கடைசி மூன்று வந்ததும் நிறுத்தினார்.

“அது எனக்குத் தெரியாது பா. மிஷின் நடந்து போன தூரம்.”

பாட்டு கற்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிற ஒரு வர்ணம் அது. அதன் ஸ்வரங்களை வரிசையாகத் தட்டியிருக்கிறார்.

“எப்பலேந்து மேடம்?”

“ரெண்டு வருஷம் ஆகப் போகுது. விழித்திரை. நடுவுல பாக்கிறது போயிடுச்சு. ஓரம் தெரியும். அதான் நடக்கறேன், யாரையும் இடிக்கல. உன் தலை எங்கன்னு தெரியும், உன் மூஞ்சி தெரியாது. இந்தத் தாயத்துல இருக்கற நம்பர விளக்கு மேல வெச்சாலும் தெரியல.”

“சொல்லியிருக்கலாமே.”

“கண்ணால படிக்க முடியாதவன் சாவி போடக்கூடாதுன்னு ரூல் எழுதினது யாரு? நான்தானே? அத என் மேலயே எடுத்துப் போடறதுக்கு…” முடிக்கவில்லை. “என் மூளைய நம்பக்கூடாதுன்னு தெரியும். அதான் மூளைலேந்து எடுக்கல. வர்ணம் வேற யாரோ பண்ணினதுதானே? ஒவ்வொரு சாவிக்கும் வேற வேற வர்ணம். எது எதுக்குப் போட்டேன்னு எழுதி வெக்கக் கூடாதே! மறந்துடணும்னு சொன்னேன். மறந்துட்டேன். இதையே ரெண்டு தடவை பாடியிருக்கேன்.”

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் அனுமதி இல்லாமல் அவர் எதிரே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“மேடம், என் புரோகிராம்ல தப்புன்னு சொல்லிடலாம். இல்லன்னா நான்தான் தாயத்தை ஒழுங்கா உருட்டலன்னு சொல்லிடறேன். என்னைப் பத்தி யாருக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது, எல்லாரும் நம்பிடுவாங்க.”

“நக்கோ.” மேஜையைத் தட்டினார். “கதவு திறக்கறது யாரோட கதவுன்னு நெனச்சே? மருந்து பண்ற எடம் பா. நாளைக்கு எவனாவது இந்த வகுத்தலப் போட்டான்னா உள்ள போயிடுவான். நீ உன் பேரக் கெடுத்துக்கறதால அது நிக்குமா? கைக்கு இந்த வேஷம்?” கைக்கு என்றால் தக்கனியில் எதற்கு.

அந்த இரண்டு வருஷத்தில் அவர் போட்ட சாவிகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மறுநாள் காலை ரெட்டி காரு அறைக்கு இருவரும் போனோம். மேடம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் தெலுங்கில் சொன்னார், வர்ணம் உட்பட. தன் வேலையை விட்டுவிடுவதாகவும் சொன்னார். அந்த வேலையைத் தவிர அந்த அம்மாளுக்கு என்ன இருக்கிறது? வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை. முப்பது வருஷமாக அவர் போய் உட்கார்ந்த இடம் அந்த நாற்காலி ஒன்றுதான்.

ரெட்டி காரு வெகு நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “மேடம் உண்டாலி. அந்தே.” மேடம் இருக்கணும், அவ்வளவுதான். தாயத்தை வேறு ஆள் உருட்டட்டும். எது சரி, எது தப்பு என்று சொல்ல மேடம் வேண்டும். வாடிக்கையாளர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

வெளியே வந்து மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “அழாத பா” என்றார் என்னிடம். நான் அழுதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. மூக்கை உறிஞ்சியிருப்பேன்.

முதலில் பட்டான்செரு. ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டருகே மேஜை போட்டு, பழைய அட்டையை வாங்கிக்கொண்டு புதுசு கொடுக்க வேண்டும். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் மேடம் வந்தார். ஷேர் ஆட்டோவில் எங்களோடு ஏழெட்டுப் பேர். இறங்கும்போது கையைப் பிடித்தேன். “மேடம், மெதுவா. படி இருக்கு. இப்ப தரை. இப்ப ஒரு கல்லு.”

“தெரியுது பா.”

மேடம் பழைய அட்டைகளை வாங்கி மிஷினில் குத்தி ஓட்டை போட்டார். நான் பேர் படித்துப் புதுசு கொடுத்தேன். பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற ஓர் அம்மாள் புது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “க்யா மேடம், பழைய போட்டோலயே கிழவி மாதிரி இருந்தேன். இதுல செத்தே போயிட்டேன்! அதக் கைக்கு ஓட்டை போட்டீங்க? திருப்பிக் கொடுங்க” என்றார். கியூவே சிரித்தது. மேடம் உதடு இறுகியது. அப்படியே தலையை என் பக்கம் திருப்பி ஏதோ எதிர்பார்ப்பது போல ஒரு நொடி இருந்தார்.

நான், “மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?” என்றேன்.

அன்று ராத்திரி வீட்டில் நடந்ததைச் சொன்னதும், “பரவால்லையே, உங்களுக்குக்கூடப் பொறுப்பு வந்துடுச்சே” என்றாள் என் மனைவி. எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்கப்புறம் நான் ரொம்ப நல்லவனாகிவிட்டேன். காலையில் மேடம் வரும் நேரத்துக்கு டயர் கடை வாசலில் நிற்பேன். ஃபைல்களைக் கேட்காமலே படித்துக் காட்டினேன். காபி டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அறையில் குரலைத் தாழ்த்திப் பேசினேன், ஆஸ்பத்திரியில் பேசுவது போல. மற்றவர்களிடமும், மேடம் முன்னால் வளவளவென்று பேசக் கூடாது என்று சொல்லி வைத்தேன். புதிய பையன் ஒருவனோடு நான் தாயம் உருட்டி முதல் சாவி போட்ட அன்று சாக்லேட் வாங்கவில்லை. டைப்பிஸ்ட், “என்ன குழந்தை?” என்று கேட்டதற்கு, கண்ணைக் காட்டி அவளை அடக்கினேன். மேடம் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் இல்லையா?

விதிகள் எல்லாவற்றையும் அவர் புதுசாகச் சொல்ல, நான் எழுதினேன். சாவி போட்ட அன்றைக்கே பழைய எண்கள் எல்லாவற்றோடும் எச்.சி.எஃப். போட வேண்டும் என்பது அதில் முதல் விதி. இன்றும் அந்தக் கம்பெனியில் அது ஓடுகிறது. நூற்றுக்கணக்கான எண்களுக்கு நடுவே ஒன்று, ஒன்று, ஒன்று என்று வருவதைப் பார்க்க ஒரு நிம்மதி. விதிகளை எழுதி முடித்தோம். பட்டான்செரு போய் வந்த மூன்று மாசத்தில் மேடம் வேலையை விட்டுவிட்டார்.

ரெட்டி காரு மேடத்தின் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். வரவில்லை. கண் இன்னும் மோசமாகிவிட்டது, பாவம் என்று ஆபீஸில் பேசிக்கொண்டோம். என்னால் முடிந்ததை எல்லாம் செய்தேன் என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தீபாவளிக்குப் போன் செய்வேன். “நல்லாருக்கேன் பா, நீ நல்லாரு” என்பார். வைத்துவிடுவார்.

போன வருஷம் பொன்னாடையும் கையுமாகச் செகந்திராபாத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவரே வந்து கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. புடவை அதே காட்டன், கையில் அதே மாதிரி ஆண்கள் கடிகாரம், ஆனால் இது அழுத்தினால் நேரம் சொல்கிற ரகம். அடுக்களையில் பால் பொங்கும் சத்தத்தைக் காதால் கேட்டு அடுப்பை அணைத்தார். காபி கலந்து, டபராவில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் எடுத்து வந்தார். நான் எழுந்து ஓடினேன்.

“கொடுங்க மேடம், நான் எடுத்துக்கறேன். நீங்க உக்காருங்க. பாத்து, கால்ல மணை இருக்கு.”

“அந்த மணைய அங்க போட்டதே நான்தான் பா. உக்காரு.”

உட்கார்ந்தேன். பெங்களூர்க்காரர்களைப் பற்றி, நகம் அளவு சிப்பைப் பற்றிச் சொன்னேன். கடைசியில், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “மேடம், ரெட்டி காரு இருங்கன்னுதானே சொன்னார்? தாயம் உருட்ட வேண்டாம், படிக்க வேண்டாம். நாங்க எல்லாரும் கண்ணுல வெச்சுப் பாத்துக்கிட்டோம். இன்னும் நாலஞ்சு வருஷம் ஜம்முன்னு இருந்திருக்கலாம். கண்ணு அவ்வளவு மோசமாயிடுச்சா?”

டம்ளரைக் கீழே வைத்தார். என் முகம் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காது பக்கமாகப் பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் அவருக்கு நான் தெரிவேன்.

“கண்ணுக்காக எவ விட்டா? நீ என்கிட்ட ஜோக் அடிக்கறத நிறுத்திட்டே. பொணத்துக்கு முன்னாடி உக்காந்திருக்கிற மாதிரி மூணு மாசம் உக்காந்திருந்தே. அத யாரு பா தெனம் வந்து பாத்துக்கிட்டிருப்பா?”